வாசலைக் காட்டிய ஃபெர்குசனும் கணக்குப் பார்க்கும் ரசிகர்களும்

1995 கோடையில் மான்செஸ்டரின் மாலைப் பத்திரிகை தன் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அனுப்பிவிடலாம் என்றார்கள். இத்தனைக்கும் அதற்கு முந்தைய மூன்று சீசன்களில் இரண்டு லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர் அவர். 26 வருஷமாக லீக் பட்டத்தைப் பார்க்காமல் ஏங்கிக் கிடந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1993இல் அதை மீட்டுத் தந்தவரும் அவர்தான்.

பிறகு ஏன் அந்தக் கோபம்? அந்தக் கோடையில் மூன்று பேர் வெளியே போனார்கள். நடுக்களத்தில் எதிரணிக்குச் சிம்ம சொப்பனமாக இருந்த பால் இன்ஸ், சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு இன்டர் மிலானுக்குப் போனார். 1991இல் ராட்டர்டாம் இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையை வாங்கித் தந்த மார்க் ஹியூஸ், 15 லட்சத்துக்குச் செல்சிக்குப் போனார். வலது ஓரத்தில் ரயில் மாதிரி ஓடிய ஆந்த்ரே கன்செல்ஸ்கிஸ் எவர்ட்டனுக்குப் போனார். அணி அப்போதுதான் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை பிளாக்பர்னிடம் விட்டிருந்தது. இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியிலும் எவர்ட்டனிடம் தோற்றிருந்தது. இன்னொரு பக்கம் எரிக் கன்டோனா, திட்டிய ரசிகரை எட்டி உதைத்ததற்காகத் தடையில் இருந்தார். இந்த நிலைமையில் மூன்று தூண்களைக் கழற்றிவிட்டு, சொல்லிக்கொள்ளும்படி ஒருவரைக்கூட வாங்காமல் சீசனைத் தொடங்கினால் எந்த ரசிகன் சும்மா இருப்பான்?

ஆகஸ்ட் 19, வில்லா பார்க். முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே யுனைடெட் மூன்று கோல் பின்தங்கியிருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டேவிட் பெக்கம் என்ற பையன் தூரத்திலிருந்து ஒன்றைத் திருப்பினான். 3-1. அன்று இரவு பிபிசியில் முன்னாள் ஆட்டக்காரரும் விமர்சகருமான ஆலன் ஹான்சன், பசங்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று சொன்னார். அடுத்த மே மாதம் அந்தப் பசங்களோடு லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் மான்செஸ்டருக்கு வந்தன. ஜனவரியில் 12 புள்ளி முன்னால் இருந்த நியூகாசிலைத் துரத்திப் பிடித்து வாங்கிய பட்டம் அது.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. சிக்கல் என்னவென்றால், உலகம் முழுக்க யுனைடெட் ரசிகர்கள் இந்தக் கதையிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். அடியாத மாடு படியாது, கண்டிப்பான பயிற்சியாளர் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், அணி ஜெயிக்கும் என்பது அந்தப் பாடம். முப்பது வருஷமாக ஒவ்வொரு ஆட்டக்காரர் வெளியேறும்போதும் இதே பாடம்தான் ஒப்பிக்கப்படுகிறது. நானும் நிறையத் தடவை ஒப்பித்திருக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அது பாதிதான் உண்மை.

கொஞ்சம் பின்னால் போகலாம். ஃபெர்குசன் மான்செஸ்டருக்கு வந்தது 1986 நவம்பரில். கிளாஸ்கோவின் கோவன் பகுதியில், கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவரின் மகனாகப் பிறந்தவர். அபர்டீன் என்ற ஸ்காட்லாந்து அணியை வைத்து 1983இல் ரியல் மாட்ரிட்டை இறுதி ஆட்டத்தில் வென்று அதே கப் வின்னர்ஸ் கோப்பையை வாங்கியவர். மான்செஸ்டரில் அவர் முதலில் கை வைத்தது குடிப் பழக்கத்தில். பயிற்சி முடிந்ததும் கூட்டமாகக் குடிக்கப் போவது அன்றைய இங்கிலாந்துக் கால்பந்தில் தப்பாகவே பார்க்கப்படாத விஷயம். அந்தக் கணக்கில் 1989இல் இரண்டு செல்லப் பிள்ளைகள் வெளியேறினார்கள். நார்மன் வைட்சைட் எவர்ட்டனுக்கு, பால் மெக்ராத் ஆஸ்டன் வில்லாவுக்கு. அதே ஆண்டு கார்டன் ஸ்ட்ராக்கன் லீட்ஸுக்குப் போனார். அவர் அபர்டீன் காலத்திலிருந்தே ஃபெர்குசனிடம் ஆடியவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

இதில் யார் கணித்தது சரி? வைட்சைட் காயத்தால் 26 வயதிலேயே ஆட்டத்தை விட்டார், ஆகவே ஃபெர்குசன் பக்கம் ஒரு புள்ளி. மெக்ராத் கதை வேறு. முழங்கால் போய்விட்டது, குடியை விடமாட்டார், இனி தேறமாட்டார் என்று அனுப்பப்பட்டவர், 1993இல் இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகச் சக ஆட்டக்காரர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சீசனில் யுனைடெட்டின் கழுத்தில் மூச்சு விட்டபடி இரண்டாம் இடம் பிடித்தது வில்லா. ஸ்ட்ராக்கன் அதையும் மிஞ்சினார். அவர் கேப்டனாக இருந்த லீட்ஸ் 1992இல் லீக் பட்டம் வென்றது. இரண்டாம் இடத்தில் நின்று கைதட்டிய அணி எது என்று சொல்லவேண்டியதில்லை.

ஆக, 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு ரசிகர் 'மூன்று வருஷமாகச் சாக்குப்போக்குதான்' என்று பேனர் பிடித்தபோது அவர் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது, போனவர்கள் நன்றாக ஆடுகிறார்கள், வந்தவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதுதான். அடுத்த மாதம் நாட்டிங்காமில் மார்க் ராபின்ஸ் தலையால் போட்ட ஒரு கோல், பிறகு அந்த வருஷத்து எஃப்.ஏ. கோப்பை. இவை இல்லையென்றால் வரலாறு அந்தப் பேனர்காரரைத் தீர்க்கதரிசி என்று சொல்லியிருக்கும்.

அப்படியானால் 1989இல் கசந்த அதே மருந்து 1995இல் ஏன் வேலை செய்தது? ஃபெர்குசன் அதே ஃபெர்குசன்தான். அதே கோபம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று அவர் கத்துவதற்கு ஹேர் டிரையர் என்று பெயர் வைத்தவரே மார்க் ஹியூஸ் என்பார்கள். மாறியிருந்தது அவருக்குப் பின்னால் இருந்த கொட்டகை. வந்த புதிதிலேயே அவர், திறமையான பையன்களைத் தேடித் திரியும் ஆள்தேடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். எரிக் ஹாரிசன் என்ற இளையோர் பயிற்சியாளரிடம் பையன்களை ஒப்படைத்தார். 1992இல் கிக்ஸ், பெக்கம், நிக்கி பட், கேரி நெவில் அடங்கிய கூட்டம் இளையோர் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. பால் ஸ்கோல்ஸும் ஃபில் நெவிலும் அவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். இன்ஸுக்கு வழி காட்டப்பட்டபோது பட் ஏற்கெனவே பெரிய அணியில் ஆடத் தொடங்கியிருந்தார். கன்செல்ஸ்கிஸ் காலி செய்த வலது ஓரத்தில் பெக்கம். ஹியூஸ் விட்டுப்போன கோல்களைப் போட ஸ்கோல்ஸ். ரசிகர்கள் பார்த்தது வெளியே போகும் வாசலை. ஃபெர்குசன் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து மைதானத்தில் பயிற்சி செய்த பையன்களை. பாதிக் கண்டிப்பு, பாதிக் கையிருப்பு, அவ்வளவுதான் ரகசியம்.

அந்தக் கண்டிப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இன்ஸ் தன்னைத்தானே ராஜா மாதிரி நினைத்துக்கொண்டு நடந்தது ஃபெர்குசனுக்குப் பிடிக்கவில்லை. சரி. ஆனால் மைதானத்து விளம்பரப் பலகையைத் தாண்டிப் பாய்ந்து ரசிகரை உதைத்த கன்டோனாவை என்ன செய்தார்? 1995 ஆகஸ்டில் கன்டோனா வெறுத்துப்போய் இங்கிலாந்தே வேண்டாம் என்று பாரிஸுக்குப் போய்விட்டார். ஃபெர்குசன் பின்னாலேயே பாரிஸுக்குப் போனார். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமலிருக்க ஒரு மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து உணவகத்துக்குப் போய், அங்கே அவரைச் சந்தித்துப் பேசி மனதை மாற்றினார். 53 வயது, இங்கிலாந்தையே நடுங்க வைத்த மனிதர், பின் சீட்டில். இந்தக் காட்சியை விட்டுவிட்டு ஃபெர்குசனின் கண்டிப்பைப் பற்றிப் பேசுவது, அப்பா அடித்ததை மட்டும் சொல்லிவிட்டு ராத்திரி வந்து போர்வையை இழுத்துவிட்டதைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

அடுத்து யாப் ஸ்டாம். 2001 ஆகஸ்ட். உலகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று பேசப்பட்டவர். அவருடைய சுயசரிதையின் பகுதிகள் பத்திரிகையில் வந்தன. தான் முன்பு ஆடிய பிஎஸ்வி அணிக்குத் தெரியாமலேயே தன்னை ஃபெர்குசன் அணுகினார் என்று அதில் ஒரு வரி. கொஞ்ச நாளில் ஸ்டாம் ரோமில், லாட்சியோவில் இருந்தார். புத்தகத்துக்கும் விற்பனைக்கும் சம்பந்தம் இல்லை, குதிகால் காயத்துக்குப் பிறகு ஆள் வேகம் குறைந்துவிட்டார், விலையும் நல்ல விலை என்றார் ஃபெர்குசன். ரசிகர்களில் நிறையப் பேர் அதை அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்புவதில்லை.

பதிலுக்கு வந்தவர் லாரன் பிளாங். உலகக் கோப்பை வென்றவர், அருமையான ஆட்டக்காரர், வயதோ 35. முந்தைய லீக் சீசனில் 31 கோல் வாங்கிய அணி அந்தச் சீசனில் 45 வாங்கியது. போல்டன், லிவர்பூல், ஆர்சனல், நியூகாசில், செல்சி என்று வரிசையாகத் தோல்விகள். இந்த அணிகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் பிளாங்கின் பெயரே வருகிறது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. மூன்றாம் இடம், கோப்பை எதுவும் இல்லை. ஸ்டாமை விற்றது தப்பு என்று ஃபெர்குசனே பின்னாளில் ஒத்துக்கொண்டார். அதே மனிதர், அதே கண்டிப்பு. கையிருப்பில் ஆள் இல்லை, விளைவு தலைகீழ்.

பெக்கம் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் அதைச் சொல்லாமல் போக முடியாது. 2003 பிப்ரவரி 15, எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் 2-0 தோல்வி. உடைமாற்றும் அறையில் இருவருக்கும் வாக்குவாதம். ஃபெர்குசன் ஆத்திரத்தில் தரையில் கிடந்த பூட்ஸை ஓங்கி உதைத்தார். அது பறந்துபோய் பெக்கமின் கண்ணுக்கு மேலே பட்டது. ரத்தம். சில நாளில் பெக்கம் முடியைப் பின்னால் இழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு, புருவத்து ஒட்டுப் பட்டைகள் பளிச்சென்று தெரியும்படி காரில் போனார். கேமராக்கள் அங்கே தயாராக இருந்தன. அந்தப் படம் இங்கே தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. எங்கள் கல்லூரி விடுதியின் டிவி அறையில் அதை யாரோ சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள், கீழே பேனாவில் 'வார்டன்' என்று எழுதி, ஃபெர்குசனை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு.

அந்த டிவி அறையில் நடந்த சண்டையும் மான்செஸ்டர் மதுக்கடைகளில் நடந்த சண்டையும் அநேகமாக ஒன்றுதான். ஒரு கட்சி, கல்யாணத்துக்கப்புறம் பெக்கம் சினிமா நட்சத்திரம் ஆகிவிட்டார், இனி உதவமாட்டார் என்றது. மறு கட்சி ஏப்ரலில் நடந்ததைக் காட்டியது. ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், கடைசியில் இறக்கிவிட்டதும் இரண்டு கோல் போட்டார். ஜூனில் 3.5 கோடி யூரோவுக்கு அதே மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார்.

அப்புறம் வந்த 18 வயதுப் பையனின் பெயர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. பெக்கமின் 7ஆம் எண் சட்டை அவனுக்கு. இன்று இதைக் கேட்டால், ஆஹா என்ன தீர்க்கதரிசனம் என்று தோன்றும். நடந்த வரிசையில் பார்த்தால் அவ்வளவு அழகாக இல்லை. முதலில் ரொனால்டினோவை வாங்கப் பார்த்தார்கள், அவர் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். லிஸ்பனில் ஒரு நட்பு ஆட்டத்தில் ரொனால்டோ யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர்களைச் சுற்றிச் சுற்றி வந்த பிறகுதான் அவசரமாக 1.2 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அடுத்த மூன்று சீசனில் யுனைடெட் லீக் பட்டம் வெல்லவில்லை. மூன்றாம் இடம், மூன்றாம் இடம், இரண்டாம் இடம். பெக்கமை அனுப்பியது சரி என்று தீர்ப்பு எழுத 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ரசிகனுக்கு அந்தப் பொறுமை இருக்கும்? எந்த நிர்வாகத்துக்குத்தான் இருக்கும்? ஃபெர்குசனின் நிர்வாகத்துக்கு இருந்தது. கணக்கில் இது முக்கியமான வரி.

நடுவில் 2005. என் அபிப்பிராயத்தில் யுனைடெட் ரசிகர்கள் உண்மையிலேயே உடைந்துபோன வருஷம் அது. மே மாதம் கிளேசர் குடும்பம் கடன் எடுத்துக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. வெறுத்துப்போன ரசிகர்கள் கொஞ்சம் பேர் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென்று ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் மிடில்ஸ்பரோவிடம் 4-1 தோல்வி. காயத்தில் இருந்த கேப்டன் ராய் கீன், கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். தன் அணி ஆட்களைப் பெயர் சொல்லிக் கிழித்தார் என்று செய்தி கசிந்தது. அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. நவம்பர் 18ஆம் தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆடிய கீன் கிளப்பைவிட்டு வெளியேறினார்.

கீன் விஷயத்தில் ரசிகர்கள் குழம்பியதற்குக் காரணம் உண்டு. பெக்கம் விஷயத்தில் கண்டிப்பு ஒரு பக்கம், பகட்டு மறுபக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். கீனோ ஃபெர்குசனின் மறுபதிப்பு. மைதானத்துக்குள் அவருடைய குரலாக இருந்தவர். சோம்பேறித்தனத்தைப் பொறுக்காதவர். கண்டிப்பே கண்டிப்பை வெளியே தள்ளினால் ரசிகன் எந்தப் பக்கம் நிற்பான்? பாதிப் பேர், கீன் சொன்னதில் என்ன தப்பு, அந்தப் பசங்க ஆடினது லட்சணமா என்றார்கள். மீதிப் பேர், அறைக்குள் சொல்ல வேண்டியதைக் கேமரா முன்னால் சொல்லக்கூடாது என்றார்கள். டிசம்பரில் பென்ஃபிகாவிடம் தோற்று, சாம்பியன்ஸ் லீக் பிரிவில் கடைசி இடத்தோடு ஐரோப்பாவை விட்டே வெளியேறியபோது முதல் பாதிப் பேரின் குரல் ஓங்கியது. கிழவருக்கு முடிந்துவிட்டது என்று அப்போது எழுதாத பத்திரிகை குறைவு.

அதோடு நிற்கவில்லை. 219 ஆட்டத்தில் 150 கோல் போட்ட ரூட் வான் நிஸ்டல்ராயையும் 2006இல் அனுப்பினார். பயிற்சியில் ரொனால்டோவோடு சண்டை, லீக் கோப்பை இறுதியில் இறக்கவே இல்லை, சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவர் மைதானத்தைவிட்டே போய்விட்டார் என்று அது வளர்ந்தது. மாட்ரிட் போன முதல் சீசனில் அவர் 25 கோலோடு ஸ்பெயினின் அதிக கோல் அடித்தவரானார், அணியும் பட்டம் வென்றது. அதே சீசனில் யுனைடெட்டும் இங்கிலாந்தில் பட்டம் வென்றது. முந்தைய சீசனில் லீக்கில் 9 கோல் போட்ட ரொனால்டோ இப்போது 17. எல்லாப் பந்தும் நிஸ்டல்ராயைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லாததால் ரூனிக்கும் ரொனால்டோவுக்கும் இடம் திறந்தது. அனுப்பியவருக்கும் லாபம், போனவருக்கும் லாபம். ரசிகர்களின் விவாதத்தில் இப்படி ஒரு முடிவுக்கு இடமே கிடையாது என்பதால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2009க்குப் பிறகு விவாதத்தின் முகமே மாறியது. இரவலில் ஆடிய கார்லோஸ் டெவஸை நிரந்தரமாக வாங்கச் சொல்லி ஃபெர்குசன் பெயரைக் கூப்பிட்டே அரங்கம் பாடியது. அவர் எதிரி வீடான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். ரொனால்டோ 8 கோடி பவுண்டுக்கு மாட்ரிட் போனார். பதிலுக்கு வந்தவர்கள் வலென்சியாவும் மைக்கேல் ஓவனும். ஒரு புள்ளியில் லீக் போனது. இப்போது ரசிகர்களின் கேள்வி பயிற்சியாளர் பக்கம் திரும்பவில்லை. அந்த 8 கோடி எங்கே போனது என்று கேட்டார்கள். கிளேசர்களை எதிர்த்துப் பச்சையும் மஞ்சளுமாக மப்ளர் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

2010 அக்டோபரில் ரூனி, பெரிய ஆட்டக்காரர்களை வாங்கும் எண்ணம் கிளப்புக்கு இருப்பதாகத் தெரியவில்லை, நான் போகிறேன் என்றபோது ரசிகர்கள் அவரைத் திட்டினார்கள். சொன்னது உண்மைதானே என்றும் முணுமுணுத்தார்கள். ஃபெர்குசன் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு மாட்டுக் கதை சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாடு நம்முடையதைவிட நல்ல மாடாகத் தெரியும், போய்ப் பார்த்தால் அப்படி இருக்காது என்றார். நம் ஊரில் இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஒரே வரியில் முடித்திருப்போம். சில நாளில் ரூனி புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், முன்னைவிடப் பெரிய சம்பளத்துக்கு. யார் யாரைப் படிய வைத்தது என்பது நல்ல கேள்வி.

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லியாக வேண்டும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கட்டணம் எதுவும் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்றது அது. அதுவரை ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விலை கேட்க முடிந்தது. தீர்ப்புக்குப் பிறகு பேரம் பேசும் கை மாறியது. ஆட்டக்காரர் கடைசி வருஷம்வரை காத்திருந்து, சம்பளத்தை ஏற்று இல்லையேல் போகிறேன் என்று சொல்லலாம். 2012இல் பால் போக்பா அப்படித்தான் சொற்ப இழப்பீட்டோடு யுவென்டஸுக்குப் போனார். நான்கு வருஷம் கழித்து அதே பையனை 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது யுனைடெட். 1995இல் இன்ஸுக்கு வாசலைக் காட்டிய கை, 2012இல் வாசலைச் சாத்திப் பிடிக்க முடியவில்லை.

2013இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார், யுனைடெட்டில் 38 கோப்பைகளோடு. பின்னால் வந்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது அவருடைய தடியை மட்டும்தான். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆக முடியவில்லை. மொரீன்யோ 2018இல் போக்பாவின் துணைக் கேப்டன் பதவியைப் பிடுங்கினார், மூன்று மாதத்தில் அவர் பதவியே போனது. எரிக் டென் ஹாக், இறங்க மறுத்த ரொனால்டோவைத் தண்டித்தார். 2022 நவம்பரில் ரொனால்டோ போனார், அந்தச் சீசனில் லீக் கோப்பையும் மூன்றாம் இடமும் கிடைத்தன. பார்த்தீர்களா, கண்டிப்புதான் மருந்து என்று எல்லோரும் கொண்டாடினோம். அடுத்த சீசனில் ஜேடன் சாஞ்சோவிடம் அதே மருந்து. பெரிய அணியோடு பயிற்சிக்கு வரக்கூடாது என்றார்கள். சாஞ்சோ டார்ட்மண்டுக்கு இரவலாகப் போய், சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை ஆடினார். யுனைடெட் லீக்கில் எட்டாம் இடம். எஃப்.ஏ. கோப்பை வந்தது ஆறுதல்.

டென் ஹாக்குக்குப் பின் வந்த பயிற்சியாளர் ரூபென் அமோரிம் 2024 டிசம்பர் 15ஆம் தேதி சிட்டிக்கு எதிரான ஆட்டத்திலிருந்து மார்கஸ் ராஷ்ஃபோர்டைக் கழற்றிவிட்டார். கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு யுனைடெட் ஜெயித்தது. அன்று இரவு ஃபெர்குசன் திரும்பி வந்துவிட்டார் என்றே நிறையப் பேர் நினைத்தார்கள். ஜனவரியில் ராஷ்ஃபோர்டைப் பற்றிக் கேட்டபோது, தினமும் முழுசாக உழைக்காதவரைவிட 63 வயதான கோல்கீப்பர் பயிற்சியாளரைப் பெஞ்சில் உட்கார வைப்பேன் என்றார் அமோரிம். வசனம் பிரமாதம். சீசன் முடிவில் அணி 15ஆம் இடம், 42 புள்ளி. அவர் சொன்னதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ராஷ்ஃபோர்டின் இடத்தில் இறக்க அந்தப் பக்கத்து மைதானத்தில் பெக்கமும் ஸ்கோல்ஸும் ஓடிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. இப்போது போகிற எல்லோரும் பயிற்சியாளரோடு சண்டை போட்டுப் போவதில்லை. 2025-26 சீசன்வரை இருந்த பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்துச் செலவில் எழுதுவார்கள். ஐந்து வருஷத்துக்கு 5 கோடிக்கு வாங்கியவரை இரண்டு வருஷத்தில் 3 கோடிக்கு விற்றால் ஏட்டில் லாபம் பூஜ்யம். சொந்த இளையோர் அணியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்றே கிடையாது. அவரை விற்றால் வருவது அத்தனையும் லாபம். ஸ்காட் மெக்டாமினே என்ற வீட்டுப் பிள்ளை 2024இல் நேப்பிள்ஸுக்குப் போனதில் இந்த ஏட்டுக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் சீசனிலேயே இத்தாலிப் பட்டம், அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஃபெர்குசனைக் காப்பாற்றியது வீட்டுப் பிள்ளைகள். அந்த விதி முதலில் விற்கச் சொன்னதும் அவர்களைத்தான்.

2025 மே கடைசி வாரம் யுனைடெட் ரசிகர்களுக்கு ஒரு மாதிரியான வாரம். 21ஆம் தேதி பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோற்று ஐரோப்பா லீக் போனது. 23ஆம் தேதி மெக்டாமினே கோல் போட்டுப் பட்டம் வாங்கினார். 28ஆம் தேதி போலந்தில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம், செல்சிக்கும் ரியல் பெட்டிஸுக்கும். யுனைடெட் வேண்டாம் என்று இரவல் கொடுத்த ஆன்டனி பெட்டிஸ் பக்கம், யுனைடெட் வேண்டாம் என்று இரவல் கொடுத்த சாஞ்சோ செல்சி பக்கம். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டியும் பழைய விடுதி நண்பர்களின் வாட்ஸாப் குழு தூங்கவில்லை. செல்சி 4-1. மூன்றாவது கோல் சாஞ்சோவுடையது. "நாம துரத்தினவன்டா" என்று ஒருத்தன் பதக்கத்தோடு அவர் நிற்கும் படத்தைப் போட்டான். அந்த டிவி அறையில் பெக்கம் கட்சியில் இருந்தவன் அவன். வார்டன் கட்சிக்காரன் இன்னொருத்தன் பதிலே எழுதவில்லை.

சில நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சாஞ்சோவை நிரந்தரமாக வாங்கவேண்டும் என்ற ஒப்பந்தத்திலிருந்து விலக, செல்சி 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டி அவரை மான்செஸ்டருக்கே திருப்பி அனுப்பியிருந்தது. செய்தியின் இணைப்போடு ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வைத்திருந்தான்.